மொட்டை டயருக்கு மறுபிறவி

நாமக்கல்லுக்குப் போகிறவர்கள் முதலில் ஆஞ்சநேயரைத் தரிசிப்பது வழக்கம். 18 அடி உயரத்தில், தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் அந்த மூர்த்தியை நானும் தரிசித்தேன். ஆனால் முதலில் அல்ல. எனக்கு முதல் தரிசனம் கொடுத்தது ஒரு டயர். அதுவும் எப்படிப்பட்ட டயர்? தோல் உரிந்த டயர்!

சேலத்திலிருந்து வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தோம், நானும் எங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரரும். இரவு பதினொரு மணி இருக்கும். முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. திடீரென்று 'படார்' என்று ஒரு சத்தம். லாரியின் அடியிலிருந்து கறுப்பாக, நீளமாக ஏதோ ஒன்று சுருண்டு எழும்பி, எங்கள் கார் விளக்கு வெளிச்சத்தில் ஒரு துள்ளுத் துள்ளி நடுச் சாலையில் விழுந்தது. டிரைவர் மட்டும் சட்டென்று வண்டியை ஒடித்திராவிட்டால், இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும்.

"பாம்பு! பாம்பு!" என்று அலறினார் புகைப்படக்காரர்.

"பாம்பு இல்லீங்க சார், பட்டன்" என்றார் டிரைவர், வண்டியை ஓரம் கட்டியபடியே. "ரீபட்டன் போட்ட டயரு. உரிஞ்சு போச்சு."

லாரியும் கொஞ்ச தூரம் போய் நின்றிருந்தது. அதை ஓட்டியவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். இறங்கி வந்து, டார்ச் அடித்துப் பின் சக்கரங்களைப் பார்த்தார். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று கிழிந்து தொங்கியது. ஜோடிச் சக்கரம் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. "பக்கத்து டயரு தாங்கிருச்சுங்க. முன் வீலா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. பீடியைப் பற்ற வைக்க முயன்ற அவருடைய கை மூன்று தீக்குச்சிகளை வீணாக்கியது.

நாங்கள் நாமக்கல்லுக்குப் புறப்பட்டது லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளைப் பற்றி எழுதத்தான். முட்டைக்குப் பேர்போன அந்த ஊர் லாரிக்கும் பேர்போனது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த மூன்று தீக்குச்சிகள் மனத்தை விட்டு அகலவில்லை. மறுநாள் காலையில் டிரைவரிடம், "இந்த ரீபட்டன் போடுகிற இடம் இங்கே இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? தடுக்கி விழுந்தா பட்டன் கடைங்க!" என்று காரைத் திருப்பினார்.

பட்டன் என்றதும் சட்டைப் பொத்தானை நினைத்துக்கொள்ள வேண்டாம். டயரின் மேல் வரி வரியாக, கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறதே, தரையில் படும் பகுதி, அதற்குத்தான் லாரிக்காரர்கள் பாஷையில் பட்டன் என்று பெயர். அது தேய்ந்து வழுக்கையாகிவிட்டால் மொட்டை டயர். மொட்டைக்கு மறுபடி பட்டன் வைத்தால் ரீபட்டன். படித்தவர்கள் ரீட்ரேடிங் என்பார்கள்.

நான் போன பட்டறை நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. தகரக் கொட்டகை. வாசலில் தூண் தூணாக டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். உள்ளே போனதும் மூக்கைத் துளைக்கும் ரப்பர் வாசனை. எங்கு பார்த்தாலும் மெல்லிய கறுப்புத் தூள். புகைப்படக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு வந்ததற்காக வருத்தப்பட ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் கொஞ்சம் சந்தேகத்துடன்தான் உள்ளே போனேன். தேய்ந்த டயருக்குப் புதுத் தோலை ஒட்டி ஓட விடுவது, பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுகிற வியாபாரம் என்று என் எண்ணம். முதல் நாள் இரவு பார்த்த காட்சி வேறு கண் முன்னால் நின்றது.

முதலாளி சிரித்தார். "டயருங்கறது ரெண்டு சமாசாரமுங்க. மேல இருக்கற பட்டன் ஒண்ணு, அடியில இருக்கற கேசிங் ஒண்ணு. தேயறது பட்டன் மட்டுந்தான். கேசிங் நல்லாருந்தா அதை எதுக்குங்க குப்பையில போடோணும்?"

கேசிங் என்பது டயரின் உடம்பு. நைலான் நூலாலோ எஃகுக் கம்பியாலோ நெய்து, ரப்பருக்குள் பொதிந்த கூடு. காற்றைத் தாங்குவதும் பாரத்தைத் தாங்குவதும் அதுதான். டயரின் விலையில் பெரும் பகுதி அதில்தான் அடங்கியிருக்கிறது. பட்டன் அதன் காலில் போட்ட செருப்பு மாதிரி. செருப்புத் தேய்ந்ததென்று காலையே மாற்றுவார்களா?

இதில் பணம் எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் குடும்பக் கணக்கு எழுதும் சகோதரிகள் உடனே புரிந்துகொள்வார்கள். 10 சக்கர லாரி என்றால் ஸ்டெப்னியோடு 11 டயர். லாரிக்காரரின் செலவில் டீசலுக்கு அடுத்த இடம் டயருக்குத்தான். ரீபட்டன் போட ஆகும் செலவு, புது டயர் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நல்ல கேசிங்காக இருந்தால் இரண்டு முறை, மூன்று முறைகூடப் போடலாம். புது லாரி டயர் செய்ய சுமார் 80 லிட்டர் பெட்ரோலிய எண்ணெய் வேண்டும், பட்டன் மாற்ற 25 லிட்டர் போதும் என்று அமெரிக்காவில் இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் கணக்குச் சொல்லுகிறார்கள்.

ஆகாய விமானத்தில் பறக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு லாரிக்காரர்களை இளப்பமாகப் பார்க்க வேண்டாம். விமானச் சக்கரத்தின் டயருக்கும் இதே வைத்தியம் உண்டு, அதுவும் பல முறை!

"அப்படியானால் நேற்று ராத்திரி ஏன் உரிந்தது?" என்று கேட்டேன்.

முதலாளி பதில் சொல்லாமல், "மேஸ்திரியைப் பாருங்க" என்று கையைக் காட்டினார்.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். இந்தப் பட்டறையின் தலைமை வைத்தியர் அவர்தான் என்று சொல்ல வேண்டும். முதலில் என்னை 'மேடம்' என்று அழைத்தார். ஐந்து நிமிஷத்தில் அது 'அம்மிணி' ஆகிவிட்டது. எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

அவருக்கு முன்னால் ஒரு யந்திரம். டயரை அதில் மாட்டினால், இரண்டு பக்கத்தையும் அகட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுழற்றுகிறது. உள்ளே ஒரு விளக்கு. மேஸ்திரி கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பார்ப்பதுதான் அதிகம். உள்ளங்கையை டயரின் உட்புறத்தில் வைத்து, குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று தாயார் பார்க்கிற மாதிரி, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போகிறார். நடு நடுவே ஒரு சுத்தியலால் தட்டுகிறார். குயவரிடம் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே சூட்சுமம். நல்ல இடத்தில் 'ணங்' என்று ஒரு சத்தம். உள்ளுக்குள் அடுக்கு விட்டிருந்தால் 'பொத்'. எங்காவது ஆணி, கீறல், கல் குத்திய காயம் இருந்தால் சாக்குக் கட்டியால் வட்டம். வெளிநாட்டில் இதற்கு மின்சாரத்தால் ஆணித் துளையைக் கண்டுபிடிக்கும் கருவியும், லேசர் வெளிச்சத்தில் உள் அடுக்கைக் காட்டும் கருவியும் இருக்கின்றன. இங்கே மேஸ்திரியின் உள்ளங்கை இருக்கிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு டயரைத் தூக்கித் தனியாகப் போட்டார். "காத்தில்லாம ஓட்டியிருக்கான், அம்மிணி" என்றார். உள் சுவரில் கிழவியின் கன்னம் மாதிரி சுருக்கம் விழுந்திருந்தது. இன்னொன்றில் பட்டன் முழுவதும் தேய்ந்து நூல் வெளியே எட்டிப் பார்த்தது. "மூணு மில்லிமீட்டர் பட்டன் இருக்கயிலேயே கொண்டாந்திருந்தா இது பொழச்சிருக்கும். இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு நடைன்னு ஓட்டிப்போட்டான்." சட்டப்படி லாரி டயரில் பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அந்த அளவுவரை ஓட்டித் தீர்த்துவிட்டு இங்கே வருவது, காய்ச்சல் முற்றிய பிறகு டாக்டரிடம் போவதற்குச் சமானம் என்பது மேஸ்திரியின் கட்சி.

பரீட்சையில் தேறிய டயர் அடுத்தபடியாகத் துருவலுக்குப் போகிறது. பெரிய தேங்காய்த் துருவி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆனால் இங்கே துருவியும் சுழல்கிறது, தேங்காயும் சுழல்கிறது. எஃகுப் பற்கள் பட்டதும் மிச்சமிருக்கும் பழைய பட்டன் தூள் தூளாகப் பறக்கிறது. அந்தத் தூளையும் வீணாக்குவதில்லை. மிதியடி விரிப்பு போன்ற சாமான்கள் செய்ய விற்றுவிடுகிறார்கள். துருவி முடித்த டயரைத் தொட்டுப் பார்த்தேன். வெல்வெட்டுத் துணி மாதிரி சொரசொரவென்று இருந்தது. வழவழப்பாக இருந்தால் ஒட்டாதாம். அங்கே வேலை செய்த இளைஞரின் முகமூடி மூக்கில் இல்லாமல் கழுத்தில் தொங்கியது. கேட்டதற்கு, "புழுக்கமுங்கக்கா" என்று சிரித்தார். பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது. முதலாளி இதைக் கொஞ்சம் கவனித்தால் தேவலை.

பிறகு காயங்களுக்கு மருத்துவம். சாக்குக் கட்டி வட்டம் போட்ட ஒவ்வோர் இடத்தையும் சிறு யந்திரத்தால் சுரண்டி, துரு ஏறிய கம்பியைச் சுத்தம் செய்து, குழியில் ரப்பரை அடைத்து, உள்பக்கம் ஒட்டுப் போடுகிறார்கள். அதன் மேல் ரப்பர் கரைசலைப் பூசி உலர விடுகிறார்கள்.

இனிமேல்தான் சமையல்!

இரண்டு சோமாசி ஓரங்களை எப்போது ஒட்ட முடியும்? மாவு பச்சையாக இருக்கும்போது. பொரித்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. ரப்பரும் அப்படித்தான். கேசிங் ஏற்கெனவே வெந்த ரப்பர். புதுப் பட்டனும் நீளப் பட்டையாக, வரியெல்லாம் வெட்டி, வெந்தே வருகிறது. இரண்டையும் எப்படி ஒட்டுவது? நடுவில் வேகாத ரப்பரை மெல்லிய தகடாகச் சுற்றுகிறார்கள். குஷன் கம் என்று அதற்குப் பெயர். அதன் மேல் பட்டன் பட்டையை, டயரின் சுற்றளவுக்குச் சரியாக அறுத்து, சேலைக்குக் கரை வைக்கிற மாதிரி சுற்றி, உருளையால் அழுத்தி, நுனியோடு நுனி சேர்க்கிறார்கள். பிறகு நடுவிலுள்ள பச்சை ரப்பர் வேகும்போது மேலும் கீழும் உள்ளவற்றைப் பிடித்துக்கொள்ளுகிறது.

ரப்பரை வேக வைக்கலாம் என்று உலகத்துக்குச் சொன்னவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். அதற்குமுன் ரப்பர் வெயிலில் உருகும், குளிரில் விறைக்கும். 1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாகச் சூடான அடுப்பில் விழுந்து, உருகாமல் தோல் மாதிரி ஆனதாகக் கதை. வீட்டு அடுப்பில் ரப்பரைக் காய்ச்சிக் காய்ச்சி அந்த மனிதர் கடனாளியானார். 1860-ல் இறந்தபோது சுமார் 2 லட்சம் டாலர் கடன். அவர் பெயரில் இருக்கும் டயர் கம்பெனி 1898-ல் வேறொருவர் ஆரம்பித்தது. அதில் அவருக்கு ஒரு காசு பாத்தியதை கிடையாது. அந்த அம்மாள், அவர் மனைவி, எப்படித்தான் குடித்தனம் நடத்தினாரோ!

பட்டன் சுற்றிய டயருக்கு ஒரு ரப்பர் உறை மாட்டி, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். உறை தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளுகிறது. பிறகு ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் வரிசையாகத் தொங்க விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். ராட்சத பிரஷர் குக்கர்தான் அது. நான் பார்த்ததில் ஓர் ஈட்டுக்கு 12 டயர். நூறு டிகிரிக்குச் சற்று மேலே சூடு. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி நேரம்வரை வேக்காடு. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: கோல்டு ரீட்ரேடிங்! நூறு டிகிரியைக் 'குளிர்' என்று சொல்லும் மனிதர்களை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை. பச்சை ரப்பரை அப்படியே பூசி அச்சில் வைத்து அமுக்கும் பழைய முறையில் சூடு 150 டிகிரிவரை போகும். அத்துடன் ஒப்பிட்டால் இது குளிர்தானாம். சூடு குறைந்தால் கேசிங்குக்கும் அவஸ்தை குறைவு. இந்த முறையைக் கண்டவர் பெர்னார்ட் நோவாக் என்ற ஜெர்மானியர். ராய் கார்வர் என்ற அமெரிக்கர் அவரிடம் உரிமை வாங்கி, 1957-ல் அயோவா மாநிலத்தில் பாண்டாக் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அதிலிருந்துதான் உலகெங்கும் பரவியது.

யுத்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்த யோகத்தையும் சொல்ல வேண்டும். 1942-ல் ஜப்பான்காரர்கள் மலாயாவையும் ஜாவாவையும் பிடித்ததும் நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து பெரும்பாலும் அற்றுப்போயிற்று. அமெரிக்காவிலேயே டயருக்கு ரேஷன்! டயர் தேயாமல் இருக்க, மணிக்கு 35 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவு. நம் ஊரில் பஸ்கள் கரிப்புகையில் ஓடிய காலம் அது. மொட்டை டயரை யாரும் மட்டமாகப் பேசவில்லை.

பேச்சு மறுபடி உரிந்த பட்டனுக்கு வந்தது. "ஒட்டினது சரியில்லைன்னாலும் உரியும், அதை இல்லைங்கல" என்று மேஸ்திரி ஒப்புக்கொண்டார். "ஆனா காத்துக் கொறஞ்சா டயரு நெளியும். நெளிஞ்சா சூடேறும். சூடேறுனா புது டயரும் உரியும்." அவர் சொன்னது வெறும் தொழில் அபிமானம் அல்ல. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கிடந்த டயர்த் துண்டுகளைப் பொறுக்கி ஆராய்ந்து 2008-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். புது டயர், ரீட்ரேட் டயர் இரண்டின் துண்டுகளும் அதில் இருந்தன. சாலையில் பட்ட காயமும் அளவு மீறிய சூடும்தான் முக்கியக் காரணங்கள் என்று கண்டார்கள்.

இரட்டைச் சக்கரத்தில் ஜோடி சேர்ப்பதிலும் விஷயம் இருக்கிறது. உயரமான டயரையும் குட்டையான டயரையும் சேர்த்து மாட்டினால், ஒரே நுகத்தடியில் பெரிய மாட்டையும் சின்ன மாட்டையும் பூட்டிய கதைதான். பாரம் முழுவதும் ஒன்றின் தலையில் விழும். முன் சக்கரத்துக்கோ ரீபட்டன் போடவே கூடாது என்கிறார் மேஸ்திரி. அமெரிக்காவில் பஸ்களின் முன் சக்கரத்துக்கு அது சட்டப்படியே தடை.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இறங்கினார். கையில் மஞ்சள் பை, பைக்குள் கணக்கு நோட்டு. ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் குடும்பம். கணவர்தான் ஓட்டுகிறார். கணக்கு வழக்கு, தவணை, டயர் எல்லாம் இந்த அம்மாள்.

"ஏனுங்க மேஸ்திரி, ஆறு டயரு குடுத்ததுல ரெண்டைத் தள்ளிப்போட்டீங்களாமா?"

"ஆமா அம்மிணி."

"ஒண்ணு காத்தில்லாம ஓடுனதுன்னு அவரே சொன்னாரு. அது போகட்டும். இன்னொண்ணுக்கு என்ன கேடு? வெளியில ஒரு கீறலு இல்லீங்களே! இந்த மாசம் தவணை கட்டோணும், பையனுக்குப் பீஸு கட்டோணும். புது டயருக்கு எங்க போவேன்?"

எனக்கும் அவர் கட்சி நியாயமாகத்தான் பட்டது. அந்த டயரை நானும் பார்த்திருந்தேன். அசப்பில் நன்றாகத்தான் இருந்தது. முதலாளியோ தர்மசங்கடமாக ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். பட்டன் போட்டுக் கொடுத்தால் அவருக்கும் கூலி கிடைக்கும். திருப்பிக் கொடுத்தால் ஒன்றுமில்லை.

மேஸ்திரி வாதாடவில்லை. டயரை யந்திரத்தில் மாட்டி அகட்டினார். "கையைக் குடு அம்மிணி" என்று சொல்லி, அந்த அம்மாளின் உள்ளங்கையை உள்ளே ஓர் இடத்தில் வைத்தார். "இங்க தடவிப் பாரு... இப்ப இங்க."

அம்மாள் தடவினார். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. முகம் மாறிவிட்டது. நானும் கையை வைத்துப் பார்த்தேன். தோள் பக்கமாக, பூரி உப்ப ஆரம்பிக்கும்போது இருக்குமே, அவ்வளவு மெல்லிய மேடு. உள்ளே அடுக்கு விட்டிருக்கிறது. மேஸ்திரி சுத்தியலால் தட்டினார். 'பொத்.'

நான் சும்மா இருந்திருக்கலாம். முதல் நாள் இரவு கண்டதைச் சொல்லிவிட்டேன். தீக்குச்சி சமாசாரத்தையும் சொன்னேன். அந்த அம்மாள் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியிடம், "இதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"உங்க டயருதானே, எடுத்துட்டுப் போங்க. எடைக்குப் போடலாம்."

"ஊட்டுக்குக் கொண்டு போனா அவரு ஸ்டெப்னிக்கு ஆகும்னு எடுத்து வெச்சுக்குவாரு. பாதி ராத்திரியில ஒரு டயரு போச்சுன்னா இதைத்தான் மாட்டுவாரு. அறுத்துப்போடுங்க."

மேஸ்திரி அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நீளமான கத்தி ஒன்றை எடுத்து, வாளித் தண்ணீரில் நனைத்தார். ரப்பரை அறுக்கும் கத்தி நனைந்திருக்க வேண்டுமாம். நைலான் டயர், பக்கச் சுவரில் கத்தி இறங்கியது. ஒரு சாண், இரண்டு சாண் என்று வளைத்துக்கொண்டு போனார். அந்த அம்மாள் பக்கத்திலேயே நின்று, முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். மற்றொரு டயரையும் காட்டி, "அதையுந்தானுங்க" என்றார்.

பிறகு மஞ்சள் பையைத் திறந்து நான்கு டயருக்கான பணத்தை எண்ணிக் கொடுத்தார். ஒரு புது டயருக்குத் தவணை சொல்லி, முதலாளியிடம் தேதி குறித்துக்கொண்டார். கணக்கு நோட்டில் எழுதி முடித்ததும் கைப்பேசியை எடுத்தார்.

"ஏனுங்க, நாந்தான். நாலு டயரு சாயந்திரம் ஆயிரும். ரெண்டை அறுத்தாச்சு... ஆமா, அறுத்தாச்சு. மேஸ்திரி இல்லீங்க, நாந்தான் அறுக்கச் சொன்னேன்... சத்தம் போடாதீங்க, இங்க ஆளுங்க இருக்காங்க... நாக்பூர் லோடு ராத்திரிதானே? புளிச்சோறு கட்டி வெச்சிருக்கறேன். வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."